ஆயுத பூஜையன்று எடுத்த சாக்கெட்

மலேசியாவின் மெர்லிமாவில் நான் வேலை பார்க்கும் கார் பட்டறையில் யாரும் யாரிடமும் ஸ்பானர் கேட்பதில்லை. முன்பு நான் இருந்த நாமக்கல் பட்டறையில் சாமான் எல்லாம் முதலாளியுடையது. ஒரே தகரப் பெட்டி, அதில் எல்லார் கையும் போகும். பன்னிரண்டாம் நம்பரை எவன் எடுத்தான் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் சாமானைத் தானே வாங்கி, தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார். வந்த புதிதில், பக்கத்துப் பெட்டி திறந்துதானே கிடக்கிறது என்று போல்ட் திருகும் ராட்செட் ஒன்றை எடுத்துவிட்டேன். அதன் சொந்தக்காரர் நான் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நானும் கடை கடையாக ஏறினேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய செட் கல்யாண வெள்ளிபோல் மின்னியது; முதல் இறுக்கமான போல்ட்டிலேயே வாயைப் பிளந்துவிட்டது. ஜெர்மன் சாமானைக் கையில் எடுத்தாலே தனி சுகம். ஆனால் கோயில் யானையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், வீட்டுக்குக் கூட்டிவர முடியாது. ஜப்பான் சாமானுக்குக் கழுத்து மெலிசு, விரல் நுழையாத சந்திலும் நுழையும். ஒன்று தொலைந்தால் எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் தைவான் செட்டில் மனம் நின்றது. அதில் போல்ட் தலைமேல் கவிழ்த்து மாட்டும் சாக்கெட்டுக்கு உள்ளே ஆறு பட்டை. போல்ட்டின் மூலையைத் தின்னாமல் பக்கத்தைப் பிடித்துத் திருப்பும். ஒருமுறை ராட்செட் உடைந்து, கடைக்காரம்மாவிடம் சொல்ல மலாயில் பெரிய விளக்கமெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் பழையதை வாங்கிப் போட்டுவிட்டுப் புதியதைக் கொடுத்தார். கேள்வியே இல்லை. அன்று எனக்கு இந்த ஊர் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆனாலும் நாமக்கல்லிலிருந்து சுமந்து வந்த ரிங் ஸ்பானர்களை நான் விடவில்லை. கறுப்பு, கனம், பார்வைக்கு ஒன்றுமில்லை. சுத்தியலால் அடித்திருக்கிறேன், பைப் மாட்டி ஏறி மிதித்திருக்கிறேன், வளைந்ததில்லை. கொடுத்த காசுக்கு அதுபோல் உழைத்த சாமான் எதையும் நான் கண்டதில்லை, ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை.

எங்கள் முதலாளி மணியம் அண்ணன் இங்குள்ள செலண்டார் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஆயுத பூஜையில் நம்மைவிடக் கறார். எங்கள் ஊரில் அவசரமாக ஒரு லாரி வந்தால் முதலாளி சாமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாமானை எடுக்கச் சொல்லிக் கண்ணடிப்பார். இங்கே எல்லாப் பெட்டியும் காலியாகும். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, வாழையிலையில் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாள் விஜயதசமிப் பூஜைவரை யாரும் தொடக்கூடாது. அந்த ஒழுங்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்.

இந்த வருடம் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ரொஹானி மக்சிக் தன் வேனில் வந்து இறங்கினார். மக்சிக் என்றால் இங்கே அத்தை மாதிரி. வாழையிலையைப் பார்த்தவர் முகம் மலர்ந்து, "இனி செமுவா மாவ் ஜுவால்கா?" என்றார். எல்லாம் விற்பனைக்கா என்று கேட்டு, குங்குமப் பொட்டு வைத்த என் ராட்செட்டுக்கு விலையும் விசாரித்தார். இன்று இவற்றுக்கு ஓய்வு என்று அண்ணன் மலாயில் விளக்கினார். மக்சிக் முகம் வாடிவிட்டது. வேனில் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது. வேறு யாரோ கழற்றப் பார்த்து, போல்ட் தலையை மழுங்கடித்து அனுப்பிவிட்டார்கள். விடிந்தால் அக்கா மகள் கல்யாணச் சாப்பாடு அந்த வேனில்தான் போக வேண்டும். அவர் சண்டை போடவில்லை. புதுப் பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"என் சாமான நான் எடுக்க மாட்டேன் தம்பி. ஒன்னோடது ஒன்னோடதுலா. நீயே முடிவு பண்ணிக்க."

ஊரில் என்றால் முதலாளி முடிவு, பாவமும் அவருக்கே. இங்கே அது என் தலையில் விழுந்தது. பூஜையில் வைத்ததை எடுத்தால் வருஷம் முழுக்கக் கை விளங்காது என்பாள் ஊரிலிருக்கும் என் மனைவி செல்வி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. கையை நம்பித்தானே கடல் தாண்டி வந்தேன். ஆனால் அந்த அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மழுங்கிய போல்ட்டில் நாமக்கல் ரிங் வழுக்கும், ஆறு பட்டைதான் பிடிக்கும். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தைவான் செட்டை மட்டும் எடுத்தேன்.

சந்தனம் ராட்செட்டிலிருந்து உள்ளங்கையில் ஒட்டியது. சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றி, மூச்சைப் பிடித்துத் திருப்பினேன். டக்கென்று போல்ட் இளகியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து நாளாயிற்று. புதுப் பம்ப்பை மாட்டி மக்சிக்கை அனுப்பியதும், அண்ணன் என் பங்குப் பொரியைக் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் செல்வி வீடியோவில் வந்தாள். பூஜையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"நம்ம ரிங்கெல்லாம் இருக்கு. பக்கத்து எல ஏன் காலியா கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். "நம்ம ஊரு சாமான் எதையும் தொடல செல்வி," என்றேன்.

"அப்ப தொட்டது யாரு சாமான்?"

என் கையில் சந்தனமும் கிரீஸும் ஒன்றாகக் காய்ந்திருந்தன.

"அதுவும் என்னோடதுதான்."