ஏழு ட்வீசர்கள்

நான் பொறாமைக்காரன் என்பது என் மனைவிக்குத் தெரியும். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவன் நான். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏழு கல்லூரிகளில், ஆளுக்கொரு மூலையில், செறிபொருள் இயற்பியல் செய்துகொண்டிருந்தோம். காந்தம், கடத்தி, படிகம் என்று பொருளின் உள்ளே நடப்பதைப் பார்க்கிற வேலை. ஒருவரிடம் உலை இருக்கும், எக்ஸ்ரே கருவி இருக்காது. இன்னொருவரிடம் கருவி இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் ஒவ்வொரு கல்லூரியாகப் போய், துறைத்தலைவர்களிடம் பல்லைக் காட்டி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் என் ஆய்வகத்தில் உட்கார வைத்தேன். முதல் கூட்டத்துக்குக் கோயில் இட்லி வாங்கி வந்ததும் நான்தான். அன்று கல்லூரிக்கு ஒரு ட்வீசர் கொடுத்தேன். மெல்லிய படலம் பூசிய கண்ணாடித் துண்டைக் கை படாமல் பிடிக்கிற சின்ன எஃகு இடுக்கி. சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையில் ஒரே மாதிரி ஏழு பார்த்து எடுத்தேன்.

விதிகளையும் நான்தான் போட்டேன். யார் எதைக் கண்டுபிடித்தாலும் ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன் செய்முறையைக் கூட்டத்தில் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு கல்லூரிக்காரர் அதைப் புதிதாகச் செய்து பார்த்து, அதே முடிவு வந்தால்தான் அனுப்பலாம். வரவில்லை என்றால் கூட்டத்தில் போட்டு உடைக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் முதலில் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது விதி இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே கூட்டம் கலைந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு ரோஷம் அதிகம்.

இந்த வழியில் முதலில் போனது என் கட்டுரை. துத்தநாக ஆக்சைடு படலத்தில் கொஞ்சம் மாங்கனீசு சேர்த்தால் சாதாரண அறை வெப்பத்திலேயே காந்தத்தன்மை வருகிறது என்று எழுதினேன். இன்னொரு கல்லூரியில் செய்து பார்த்தார்கள், வந்தது. அந்தக் கட்டுரையைச் சொல்லியே ஒன்றரை வருடம் நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு அவர் வந்தார். அரசுக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்த பேராசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், இந்த ஊர் நெசவுக் குடும்பம். முன்பிருந்தவர் விட்டுப்போன ட்வீசரும் கூட்டத்தில் அவருடைய நாற்காலியும் இவருக்கு வந்தன. முதல் நாள் இரண்டு படலங்கள் சேரும் எல்லையைப் பற்றிப் பேச எழுந்தவர், பலகைப் பக்கமே போகவில்லை. தோளில் கிடந்த முந்தானையின் ஓரத்தை இழுத்துக் காட்டினார்.

"உடம்பு ஒரு கலர், பார்டர் ஒரு கலர். கோர்வை நெசவுல ரெண்டும் எப்படி பூட்டிக்கினு இருக்குது பாருங்க. புடவை கிழிஞ்சா வேற எங்கனா கிழியும்பா, இங்க கிழியாது."

மாணவர்கள் கைதட்டினார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் அதே பாடத்தை நடத்துகிறேன். என் வகுப்பில் ஒருவனும் கொட்டாவியை மறைத்ததுகூடக் கிடையாது.

அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் அவர்தான். வாட்ஸ்அப் குழுவில் நான் முழம் நீளத்துக்கு விளக்கம் எழுதினால் ஒரே ஒரு கட்டைவிரல் வரும். அவர் 'சரிப்பா' என்று போட்டால் பத்து இதயம் வரும். நான் மூன்று முறை கெஞ்சி வாங்கிய உலையை அவருக்குக் கேட்காமலே கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்தை மேடம் கல்லூரியில் வைத்தால் என்ன என்று யாரோ கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் அதையே பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"ஏங்க, அந்தப் பொண்ணு உங்ககிட்டருந்து என்னத்த புடுங்கிக்கினு போச்சு?" என்று மனைவி கேட்டாள். ரசத்தை எடுத்துக் குடித்தேன்.

போன வருடம் அவர் ஒரு முடிவோடு வந்தார். மாங்கனீசுக்குப் பதில் கோபால்ட் சேர்த்திருந்தார்; காந்தத்தன்மை என்னுடையதைவிடப் பல மடங்கு. அது வெளியே வந்தால் என் கட்டுரையை யாரும் சீந்த மாட்டார்கள். அதைச் செய்து சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அது பொய்யாகிப் போக வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். ஆனால் வராமல் போனால் சாருக்குச் செய்யத் தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே. கண்ணாடியை மூன்று முறை கழுவினேன். உலைக் குழாயை மாற்றினேன். பழைய ட்வீசரைத் தொடாமல், பிளாஸ்டிக்கில் புதிதாக ஒன்று வாங்கினேன். என் சொந்த வேலைக்கு ஒருநாளும் இப்படி மெனக்கெட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அளக்கிற சென்னைக் கருவியில்தான் அளந்தேன். காந்தத்தன்மை துளியும் இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

விதிப்படி அன்றே அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். சனிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்து, இருபது பேர் முன்னால் வரைபடத்தைத் திரையில் போட்டேன்.

"மேடம் சொன்னது எனக்கு வரல. கவனமாத்தான் செஞ்சேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. "நான் திரும்பப் பாக்குறேன் சார். உங்க நோட்டு மட்டும் குடுங்க" என்றார். டீ வந்தபோது என் பக்கத்து நாற்காலியில் யாரும் வந்து உட்காரவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செவிலிமேட்டில் என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்ததும் காகிதங்களை விரித்தார். என் நோட்டையும் அவர் நோட்டையும் வரி வரியாக வைத்துப் பார்த்து, வித்தியாசமாக இருந்ததை ஒவ்வொன்றாக மாற்றிச் செய்திருக்கிறார். கழுவுவதில் ஒன்றுமில்லை. குழாயில் ஒன்றுமில்லை. கடைசியில் படலமே பூசாத வெறும் கண்ணாடியை எஃகு ட்வீசரில் பிடித்து அளந்திருக்கிறார். காந்தத்தன்மை வந்திருக்கிறது. கண்ணாடி விளிம்பு எஃகைச் சுரண்டி, கண்ணுக்குத் தெரியாத தூள் ஒட்டிக்கொள்கிறது. அதைத்தான் நாங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஏழு இடத்திலும் நான் வாங்கிக் கொடுத்த ட்வீசர். அதனால்தான் யார் செய்து பார்த்தாலும் வந்தது.

"அப்போ என் பேப்பர்?"

அவர் தரையைப் பார்த்தார். "அதுவும்தான் சார். வேற யாருகிட்டயும் சொல்லல. முதல்ல தனியா சொல்லணும்னு நீங்கதான ரூல் போட்டிருக்கீங்க."

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கணும் சார்" என்றார். "எங்க யாருக்கும் தோணல. உங்களுக்கு மட்டும் ட்வீசர மாத்தணும்னு எப்படி தோணுச்சு?"

"சும்மா, ஒரு சந்தேகம்மா" என்றேன். காபி கொண்டுவந்த மனைவி டம்ளரை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, என் கட்டுரை தப்பு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இதழுக்கு எழுதிவிட்டேன் என்று சொன்னேன். ஏழு எஃகு ட்வீசரும் மேசைக்கு வந்தன. அவர் எல்லோருக்கும் பிளாஸ்டிக்கில் ஒவ்வொன்று வாங்கி வந்திருந்தார். அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கொடுத்து முடித்துவிட்டு அவர் பேசினார்.

"இது வெளிய வந்ததே சாராலதான். அவரு அவ்ளோ சுத்தமா செய்யலன்னா நாம இன்னும் ட்வீசரத்தான் அளந்துக்கினு இருந்திருப்போம். அடுத்தவங்க வேலைய செஞ்சு பாக்குறதுன்னா அவர மாதிரி அக்கறையா பாக்கணும்பா."

அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவர் வந்த நாளிலிருந்து நான் ஏங்கிக்கொண்டிருந்த கைதட்டல் அது. புது ட்வீசரை எதற்காக வாங்கினேன் என்பது வாய் வரைக்கும் வந்தது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.