மூன்று நட்சத்திரமும் ஒரு கூடை நெத்திலியும்

மூன்று வாரத்துக்கு முன்னால், பாம்பனில் ஒரு கருவாட்டுக்கார அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு என் மேல்தான். காயப் போட்டிருந்த நெத்திலி மேல் ஸ்கூட்டரை ஏற்றிவிட்டு, ‘ஸாரி’ என்று வேறு சொன்னேன்.

ஏன் ஏற்றினேன்? ஒரு வீடியோ கேம் சொன்னதை நம்பி ஏற்றினேன். சிரிக்காதீர்கள்... முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில், மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது உள்ளே இருந்தது என் கை மாதிரியே இல்லை. டம்ளரைத் தூக்கச் சொன்னால் விரல்கள் யோசித்தன. பிஸியோதெரபி பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, “தினமும் நூறு தடவை அமுக்குங்க மேடம், இல்லாட்டி விரல் மடங்காது” என்றார். மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. குனிந்து எடுக்க மனம் வரவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் — என் ஸ்கூட்டர். கட்டுப் போட்ட நாளிலிருந்து எங்கே போனாலும் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்துதான் போகிறேன். அவர் ஓட்டுவதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீன் மார்க்கெட்டில் நான் நாலு மீனைப் புரட்டிப் பார்ப்பதற்குள் வெளியே இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். இருபது வருஷமாகத் தனியாகப் போய் வந்த ஒருத்திக்கு அந்த ஹாரன் எப்படிக் கேட்கும்?

அப்போதுதான் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தான்.

“லாத்தா,” என்றான். எங்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவது. “பந்த அமுக்கச் சொன்னா நீ எங்க அமுக்கப் போற? இந்தா, இத அமுக்கு.”

டிவியில் ஒரு கேம் கன்சோலை மாட்டிவிட்டான். கூடவே, இப்போதுதான் வந்தது என்று ஒரு பிளாட்ஃபார்ம் கேம். அதாவது ஒரு சின்ன ஆள் ஓடுவான். பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், திட்டுத் திட்டாகத் தாவி ஏற வேண்டும், கடைசியில் கொடியைத் தொட வேண்டும்.

எனக்கும் இந்த வகைக்கும் பழைய பகை உண்டு. பள்ளிக்கூடம் படிக்கும்போது நானும் தம்பியும் ஒரு கேம் ஆடினோம். ஈவு இரக்கமே இல்லாத கேம். விழுந்தால் செத்தோம், மறுபடி முதலிலிருந்து. நான்காவது கட்டத்தில் ஒரு ஆடுகிற பலகை. ஒரு கோடை லீவு முழுக்க அந்தப் பலகையிலேயே போனது. ஒரு நாள் எப்படியோ தாண்டிவிட்டேன். டிவி என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்தாவது கட்டம் வந்தது, அவ்வளவுதான். அதில் உடனே செத்தேன்.

புது கேமுக்கு மரியாதை தெரிந்திருந்தது. ஆன் செய்ததும் தினப் பரிசு என்று ஒரு பெட்டி. திறந்தால் தொப்பி. எதற்குத் தொப்பி? நான் வந்ததற்காம். பிறகு ஒரு சக்கரம் சுற்றித் தங்கக் காசாகக் கொட்டியது. இன்னொரு பெட்டி மூன்று மணி நேரம் கழித்துத்தான் திறக்குமாம், காத்திருக்க வேண்டுமாம். இவ்வளவு பெரிய டிவி, இவ்வளவு பெரிய மெஷின்... ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வருவாரே, அந்தப் போன் கேமை இழுத்துப் பெரிசாக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆள் தானாகவே ஓடுகிறான். குதிக்க மட்டும் நாம் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். மறந்து பள்ளத்தில் விட்டால்? ஒரு சோப்புக் குமிழி வந்து, அலுங்காமல் குலுங்காமல் அவனைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறது. வைத்துவிட்டு, ‘எக்ஸலண்ட்’ என்கிறது.

முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. “என்னடா இது, நோயாளிக்குக் குடுக்குற கஞ்சி மாதிரி இருக்கு” என்று தம்பியிடம் குறைப்பட்டேன். இரண்டாம் நாள் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். என்ன செய்ய? இந்த வீட்டில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்து யாரும் ‘பெர்ஃபெக்ட்’ என்று சொன்னதில்லை.

ஒரு மாதத்தில் எண்பது கட்டம் தாண்டினேன். எல்லாவற்றிலும் மூன்று நட்சத்திரம்.

“கை நல்லா வந்துருச்சு, பாருங்க” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்று சொல்லி ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை பாம்பனுக்கு, மீன் வாங்கக் கிளம்பினேன். பாலத்தில் எப்போதும் போல நல்ல காற்று. கையில் ஒரு நடுக்கம் இருந்தது; அதையும் காற்று என்றே நினைத்துக்கொண்டேன். பாலம் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. வலது பிரேக்கை அமுக்கப் போனேன். விரல்கள் மடங்கவில்லை. இடது பக்கமும் ஒரு பிரேக் இருப்பது ஞாபகத்துக்கு வருவதற்குள் வண்டி ரோட்டை விட்டு இறங்கி, பழைய வலை விரித்துக் காயப் போட்டிருந்த நெத்திலி மேல் ஏறி, மணலில் சாய்ந்தது. நாய் தப்பித்தது. எனக்கும் அடி இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... சாய்ந்தபோது ஒரு நொடி அந்தச் சோப்புக் குமிழியை எதிர்பார்த்தேன்.

வந்தது அந்தோணியம்மா. நெத்திலியின் சொந்தக்காரர். என் வயதுதான் இருக்கும்.

“ஏத்தா, இம்புட்டு அகல ரோடு கெடக்கு. எங் கருவாடுதான் ஒங் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?”

“ஸாரிங்க... பிரேக் பிடிக்கல.”

அவர் வண்டியை ஒற்றை ஆளாக நிமிர்த்தினார். பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். “நல்லாத்தான புடிக்கிது.”

மணலில் சிதறிக் கிடந்ததைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன், இடது கையால். அந்தோணியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அந்தக் கைக்கு என்ன?”

சொன்னேன்.

“பெறகு எந்தக் கைய நம்பி வண்டிய எடுத்த? டாக்டரு எடுக்கச் சொன்னாரா?”

“இல்ல.”

“பின்ன யாரு சொன்னா?”

எப்படிச் சொல்வது? “டிவில...” என்று இழுத்தேன்.

அந்தோணியம்மா “டிவில” என்று ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “செரி, அந்தக் கையாலயே பொறுக்கு. பாப்போம்” என்றார்.

நெத்திலி எவ்வளவு சின்னது என்று சாப்பிடும்போது தெரியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடித்தால் நழுவுகிறது. ஒன்றை எடுப்பதற்குள் கையில் இருந்ததில் இரண்டு விழுந்தது. “மண்ண ஒதறிப் போடு.” “தல ஒடையாம எடு.” “இது பொறுக்குற லச்சணமா?” பத்து எடுப்பதற்குள் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி வலி, பாதி அவமானம். அதற்கும் மேலே பயம். ஒரு மாதத்தை விளையாடியே தொலைத்துவிட்டேனே, இந்தக் கை திரும்ப வராமலே போய்விடுமோ?

போன் செய்ததும் வீட்டுக்காரர் பஸ் பிடித்து வந்தார். என்னைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். கேமை ஆன் செய்து, கன்ட்ரோலரை சோஃபாவில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆள் ஓடினான். விழுந்தான். குமிழி தூக்கியது. எக்ஸலண்ட். மறுபடி விழுந்தான். தூக்கியது. சூப்பர். இப்படியே விழுந்து விழுந்து போய்க் கொடியைத் தொட்டான். வாணவேடிக்கை. இரண்டு நட்சத்திரம்.

அதாவது, என் வலது கையின் ஒரு மாத உழைப்புக்கு மதிப்பு ஒரு நட்சத்திரம்.

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் அதற்குள் துபாய் போய்விட்டிருந்தான். “ஏன்டா, ஆளே இல்லாட்டியும் அவன் ஜெயிக்கிறான்டா.”

“இப்ப நெறய கேம் அப்படித்தான் லாத்தா. ரெண்டு தடவ விழுந்தா ஜனங்க கேமையே அழிச்சுட்டுப் போயிருதுக. அதான் யாரையும் விழ விடுறதில்ல.”

கேமை மட்டும் சொல்வானேன்? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட கருகின ஆப்பத்துக்குப் பதினேழு கைதட்டல் வந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடாமல் நின்ற பிள்ளைக்கும் கோப்பை. இந்தப் பத்தியையே வாசிப்பதற்கு முன்னால் ‘அருமை’ என்று அனுப்பிவிடுகிற சிலர் இருக்கிறார்கள். உங்களைத்தான் சொல்கிறேன். ஒருவருக்கொருவர் குமிழி ஊதி ஊதியே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். உண்மையைச் சொல்ல ஒருவர் வேண்டுமென்றால், அவருடைய கருவாட்டில் வண்டியை ஏற்ற வேண்டியிருக்கிறது.

நாலு நாள் கழித்து வீட்டுக்காரரிடம், “என்னப் பாம்பன்ல கொண்டுபோய் விடுங்க” என்றேன்.

“மீன் வாங்கவா?”

“பொறுக்க.”

அந்தோணியம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. இன்னும் பிரிக்காத நெத்திலிக் கூடை ஒன்றை என் பக்கம் தள்ளினார். பொடி மீன், நண்டுக்கால், பாசி எல்லாம் கலந்து கிடந்தது. வாரத்தில் மூன்று நாள் போகிறேன். ஒவ்வொரு நாளும் திட்டு உண்டு. கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தையும் எடுத்துவிட்டேன்.

நேற்று முதல் தடவையாக ஒரு முழுக் கூடையையும் வலது கையாலேயே முடித்தேன். அந்தோணியம்மா உள்ளே கையை விட்டுக் கிளறினார். ஒரு நண்டுக்காலை எடுத்துத் தூர வீசினார். இன்னும் கொஞ்சம் கிளறினார்.

“பரவால்ல” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் அந்தப் பலகையைத் தாண்டி ஐந்தாவது கட்டம் வந்த அன்றுகூட அப்படி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்: “அப்ப வண்டி எடுக்கலாமா?”

அவர் வலையில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இன்னும் ஒரு மாசம் போகட்டும்.”

ஸ்கூட்டர் சாவி டிவிக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. நான் தொடவில்லை.