விளம்பரத்தில் என் சிரிப்பு

கல்லூரியில் தமிழ் பேச எனக்குக் கிடைத்தவள் என் தோழி ஒருத்திதான். அவள் குடும்பம் பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருப்பது; அவள் தமிழில் உருதும் தெலுங்கும் கலந்திருக்கும். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், சனத்நகரில் அப்பாவுக்கு வேலை கிடைத்ததால் அதே நகரத்தின் குகட்பள்ளிக்குக் குடிவந்தோம். முதல் வருடம் முழுக்க அவளும் நானும் ஒரே பெஞ்ச்.

இரண்டாம் வருடத் தேர்வு நெருங்கியபோது எனக்குத் தூக்கம் போயிற்று. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். ஒரு மதியம் கேன்டீனுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன். அவள் பையிலிருந்து பேனா போல ஒன்றை எடுத்து நீட்டினாள். வேப், அதாவது மின்சிகரெட். நாட்டில் அதை விற்கத் தடை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் இன்ஸ்டாவில் அது தினமும் வந்தது. மழை பெய்யும் ஜன்னலோரம் ஒரு பெண் படிப்பாள், ஆவியை ஊதுவாள், நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். விற்கிறார்கள் என்றே தோன்றாது.

"இதுல நிகோடின் இருக்கா?" என்று கேட்டேன்.

"நக்கோடி, அதெல்லாம் இல்ல. வெறும் மாம்பழ வாசனை. கைக்கு, ஏன் பயப்படுறே? உனக்குக் கெட்டதையா குடுப்பேன்?"

எத்தனையோ விளம்பரங்கள் செய்யாததை அந்தக் கடைசிக் கேள்வி செய்தது. இழுத்தேன். இருமினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் அதைப் போனில் எடுத்தாள். "நம்ம ஞாபகத்துக்கு" என்றாள்.

சில வாரங்களிலேயே அது இல்லாமல் எனக்குக் காலை விடியவில்லை. இல்லாத நாளில் தலை வலிக்கும், அம்மாவிடம் எரிந்து விழுவேன்.

"என்னட்டி, சீசனே இல்ல, உம்மேல மாம்பழ வாசம் அடிக்கி?" என்றாள் அம்மா.

"சென்ட்டும்மா."

தேர்வு முடிந்த பிறகு ஒருநாள் முதலாண்டுப் பெண் ஒருத்தி நூலகப் படியில் என்னை நிறுத்தினாள். "அக்கா, ஆ வீடியோலோ மீரேனா?" அந்த வீடியோவில் இருப்பது நீங்கள்தானா என்று தெலுங்கில் கேட்டுப் போனைக் காட்டினாள். வேப் விற்கும் ஒரு பக்கம். அதில் நான்தான், மெதுவாக்கப்பட்ட அசைவில், பின்னணி இசையோடு சிரித்துக்கொண்டிருந்தேன். தேர்வு பயம் பறந்தது என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. கீழே என் தோழியின் செல்லப்பெயரில் தள்ளுபடிக் குறியீடு. அதற்கும் கீழே, பொருளின் விவரத்தில், நிகோடின் அளவு. என் சிரிப்பைப் பார்த்துத்தான் தானும் வாங்கியதாக அந்தப் பெண் சொன்னாள்.

மறுநாள் மெட்ரோ நிலையத்தில் தோழியைப் பிடித்தேன்.

"அரே, லைட் தீஸ்கோ, பெருசா எடுத்துக்காதே. முகம் பாதிதானே தெரியுது? எனக்கு ஃப்ரீயா அனுப்புறாங்க, உனக்கும் குடுத்தேன்ல?"

"நிகோடின் இல்லேன்னு சொன்னியே?"

"இருக்குன்னா இழுத்திருப்பியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே பதில் தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள். ரயில் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

நான் புகார் கொடுத்த பிறகு வீடியோ மறைந்தது. வேறொரு பக்கத்தில் மறுபடி முளைத்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தப் பிள்ளையா? நம்ம வீட்டுல உக்காந்து சாப்ட்ட பிள்ளையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மறுநாள் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். விடுவது லேசாக இல்லை. இரண்டு முறை விட்டு, இரண்டு முறை மறுபடி தொட்டு, அப்புறம்தான் விட்டது.

பிறகு அந்த முதலாண்டுப் பெண்ணைத் தேடிப் போய்த் தலைவலி, எரிச்சல், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தயங்கியபடி, "நீங்க வந்து இப்படித்தான் சொல்வீங்கன்னு உங்க தோழி அக்கா முன்னாடியே சொன்னாங்க. உங்களுக்குள்ள சண்டையாமே?" என்று தெலுங்கில் கேட்டாள்.

டாக்டரின் நம்பரை மட்டும் அவள் போனுக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன்.