சால்வைக்குள் சொன்ன பேர்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒற்றைக்கொம்பு எங்கே, இரட்டைக்கொம்பு எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை; நேற்று மத்தியானம் என்ன கறி வைத்தேன் என்று கேட்டால் யோசிக்கவேண்டும். ஆனால் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை மட்டும் இழை இழையாக நினைவில் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என் மச்சாளுடைய சால்வை. என் வீட்டுக்காரருக்கு மூத்த சகோதரி அவர்; அவருக்கு நானும் மச்சாள்தான். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். குளிருக்காக அவர் அந்தச் சால்வையைப் போட்டதாக எனக்கு நினைவில்லை. கடையில் கார்ட் மெசினை நீட்டினால், தோளிலிருந்து சால்வையை இழுத்து மெசினையும் கையையும் ஒன்றாக மூடுவார். அதற்குள்ளே விரலால் தடவித்தான் இலக்கங்களை அமத்துவார். ஒரு போத்தல் பால் வாங்கினாலும் அப்படித்தான். அமத்துவதற்கு முன் ஒருதரம், அமத்திய பின் ஒருதரம், பின்னால் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்ப்பார். யாராவது கொஞ்சம் கிட்ட நின்றதாகப் பட்டால் அடுத்த நாளே வங்கிக்குப் போய் இலக்கத்தை மாற்றிவிடுவார். மரக்கறிக் கடை முதலாளிக்கு இது ஒரு வேடிக்கை.

"என்னக்கா, உள்ளுக்க கோழி அடைகாக்குதோ?" என்று கேட்பார்.

"ஓம், பொரிச்சால் உமக்கும் ஒரு குஞ்சு தாறன். இப்ப அங்கால பாரும்," என்பார் மச்சாள்.

லண்டனுக்கு வருமுன் அவர்கள் ஜெர்மனியில் இருந்தவர்கள். அங்கே சீட்டுப் பிடித்த ஒருத்தி எல்லோருடைய காசோடும் ஒரு நாள் காணாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அக்கா இப்படி ஆனா என்று என் வீட்டுக்காரர் சொல்வார். எனக்கென்றால், அவர் தொட்டிலில் கிடக்கும்போதே தாலாட்டினவர்களைச் சந்தேகமாகப் பார்த்திருப்பார் என்றுதான் தோன்றும்.

அத்தான், அதுதான் மச்சாளின் கணவர், இறந்த பிறகு தன் பேரில் தனியாக ஒரு கணக்குத் திறக்க மச்சாள் வங்கிக்குப் போனார். மகனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மகனுக்கு விஷயம் தெரிந்தால் பிறகு மருமகளுக்கும் தெரிந்துவிடும் என்றார். அப்போது மகனே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா படித்துக்கொண்டிருந்தான். என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு இங்கிலீஷ் விளங்காது, நாலு பேர் முன்னால் வாயும் திறக்கமாட்டேன், அதனால் என்னால் பயமில்லை. இதை அவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நானும் அதை ஒரு குறையாக எடுக்கவில்லை. யாரோ என்னை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டார்களே என்று உள்ளுக்குள் சந்தோசமாகக்கூட இருந்தது.

வங்கியில் இருந்த பிள்ளை ஏதேதோ கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று மச்சாள் என் பக்கம் சரிந்தார்.

"அம்மாவின்ர பேரைக் கேக்கிறாள். பேரும் நட்சத்திரமும் இருந்தால் செய்வினையே செய்யலாம். பாங்குக்கு என்னத்துக்கு என்ர அம்மாவின்ர பேர்?"

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகவும் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் பேர் எந்தப் பாஷையிலும் பேர்தானே. அவர் சொன்னது என்னுடைய அம்மாவின் பேர்.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மெல்லக் கேட்டேன். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "உம்மட அம்மா போட்டா. அவவுக்கு இனி ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. என்ர அம்மா ஊரில உயிரோட எல்லோ இருக்கிறா," என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீடு வரைக்கும் பேசாமல் வந்தேன். நான் எப்போதும் பேசாமல் வருகிறவள் என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வருஷங்கள் போய் அந்த மகனுக்கே கலியாணம் ஒழுங்காயிற்று. எங்கள் முறையில் தாலிக்கும் கொடிக்கும் தங்கம் போடுவது மாப்பிள்ளை வீட்டார். நல்ல நாள் பார்த்து, நகை செய்கிற பத்தரை வீட்டுக்கு அழைத்து, எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் தங்கக் காசை உருக்குவார்கள். பொன்னுருக்கு என்று சொல்வது அதைத்தான். அந்தத் தங்கத்தை லண்டனில் வாங்க மச்சாளுக்கு மனம் வரவில்லை. இங்கே என்ன கலக்கிறார்களோ, துபாயில் அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என்றார். பஸ் ஓட்டுகிற மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில், "போறதெண்டால் காசாக் கொண்டுபோகாதேங்கோ அம்மா, கார்ட்டைக் கொண்டுபோங்கோ" என்றான். அத்தான் இறந்த பிறகு அலுவலகங்கள் துடைத்து, பள்ளிக்கூடச் சமையலறையில் கோப்பை கழுவிச் சேர்த்தது முழுவதும் அந்த ஒரு கார்ட்டில் இருந்தது. காவலுக்கு நான்.

துபாயில் வெயில் தலையைப் பிளந்தது. மச்சாள் கம்பளிச் சால்வையோடு இறங்கினார். ஹோட்டலில் கார்ட்டை வாங்கித் தேய்த்துவிட்டுத்தான் அறைத் திறப்பைத் தந்தார்கள். மேலே ஏறுவதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது: அறை வாடகைக்கு மேலால் இன்னும் ஒரு தொகை போயிருக்கிறது. திரும்பிக் கீழே போனோம். அது ஈட்டுக்காசு, அறையில் ஒன்றும் உடையாவிட்டால் நாங்கள் போன பிறகு தானாகத் திரும்பிவிடும் என்று அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. அறையில் சும்மா வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை என்னைத் தொடவிடவில்லை. "உதைக் குடிச்சால் அந்தக் காசு வராது. அதுக்குத்தான் வைச்சிருக்கிறாங்கள்," என்றார். இரண்டு பேரும் குளியலறைக் குழாயைப் பார்த்துக்கொண்டு தாகத்தோடு படுத்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் தங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். அதற்கடுத்த நாள் காலை எங்களுக்கு விமானம். லண்டனுக்குப் போன அந்தக் கிழமையே பொன்னுருக்கு. கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர் நின்ற கடையில் மச்சாள் உட்கார்ந்தார். காசுகளை நிறுத்து, விலை பேசி, கார்ட்டை நீட்டியாயிற்று. மெசின் சிவப்பாக ஏதோ காட்டியது. அதே நேரம் மச்சாளின் போன் கிணுங்கியது. வங்கியிலிருந்து செய்தி. இந்தக் கடையில் இவ்வளவு காசுக்குப் பொருள் வாங்குவது நீங்கள்தானா, ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்புங்கள் என்றிருந்தது.

இங்கேதான் பிழை நடந்தது. விம்பிள்டனில் எங்கள் முதியோர் ஒன்றுகூடலுக்கு வந்த பொலிஸ்காரப் பெண் ஒருத்தி, வங்கி என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் ஒன்றுக்கும் ஓம் சொல்லாதேங்கோ என்று எங்களுக்கு ஊட்டாத குறையாகச் சொல்லியிருந்தாள். "பாத்தீரே, நாங்கள் கடைக்குள்ள வந்தது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? பின்னால ஆள் நிக்குது," என்று மச்சாள் 'இல்லை' என்று அனுப்பிவிட்டு, வெற்றியோடு என்னைப் பார்த்தார். அத்தோடு வங்கி அந்தக் கார்ட்டை முடக்கிவிட்டது. இரண்டாம் முறையும் மெசின் சிவப்பு. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவரை அவருடைய வங்கியே சந்தேகப்பட்டுவிட்டது.

"அம்மா, ரேட்டு இன்னும் அரைமணி நேரம்தான் நிக்கும்மா, அப்புறம் மாறிடும். கார்டு பின்னாடி நம்பர் இருக்கும் பாருங்க, பேங்குக்கு ஒரு போன் போட்டுடுங்க," என்றார் கடைப்பிள்ளை.

"அம்மா எண்டு குழையிறான், கவனம்," என்று மச்சாள் எனக்குச் சொன்னார். ஆனால் முகம் வெளிறிப்போயிருந்தது. மகன் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிற நேரம், போன் எடுக்கமாட்டான். எடுத்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரியாது; தெரியக்கூடாது என்றுதானே அவனை ஒன்றுக்கும் கூட்டிப்போகவில்லை. வேறு வழியில்லாமல் அந்த இலக்கத்துக்கு அடித்தார். அந்தப் பக்கம் பாட்டுப் போட்டார்கள். "பாட்டைப் போட்டுப் போட்டு என்ர போன் காசைக் கறக்கிறாங்கள்," என்று முணுமுணுத்தார். பிறகு ஒரு ஆண்குரல் வந்தது. வந்ததும் மச்சாள் சால்வையை இழுத்துத் தன் தலையையும் போனையும் மூடினார். ஒரு கை வெளியே வந்து என்னையும் உள்ளே இழுத்தது. தங்க வெளிச்சத்தில் ஆட்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கிழவிகள் ஒரு கம்பளிக்குள் இருந்தோம். கற்பூர மணமும் வியர்வையும் கலந்த அந்த இருட்டு இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

பிறந்த நாள் கேட்டான். பாஸ்போட்டில் உள்ளதைச் சரியாகச் சொன்னார். விலாசம் கேட்டான், சொன்னார். பிறகு எதையோ கேட்க, மச்சாள் தன் தாயின் பேரைச் சொன்னார். அவன் ஏதோ சொன்னான். மச்சாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் காதுக்குள் சீறினார்.

"இது பாங்கே இல்லை மச்சாள்! என்னைப் பெத்த அம்மாவின்ர பேரே பிழையாம். இன்னும் ஒருக்காத்தான் சொல்ல விடுவானாம். கள்ளன். நான் வைக்கிறன்."

பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அமத்தியிருந்தால் கணக்கை மொத்தமாகப் பூட்டியிருப்பார்கள் என்று மகன் பிறகு சொன்னான். என் வாழ்க்கையில் நான் யாருடைய கையையும் பிடித்துத் தடுத்ததில்லை. அன்றைக்கு அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"மச்சாள், உங்கட அம்மா இல்லை. என்ர அம்மா. என்ர அம்மாவின்ர பேரை எல்லோ அண்டைக்குக் குடுத்தனீங்கள்."

அந்த இருட்டிலும் அவருடைய கண் தெரிந்தது. நான் ஏன் இதை இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றுதான் முதலில் யோசித்திருப்பார். பிறகு போனை வாயோடு ஒட்டிக்கொண்டு, என் அம்மாவின் பேரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் தட்டுகிற சத்தம். பிறகு அந்த ஆண்குரல் இளகி, நன்றி சொன்னது.

நாங்கள் சால்வைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது கடைப்பிள்ளை தேத்தண்ணீர் வைத்திருந்தார். மச்சாள் அதையும் தொடவில்லை. மெசின் இந்த முறை ஒழுங்காக வேலை செய்தது. பவுண்ஸில் எடுக்கவா, திர்ஹமில் எடுக்கவா என்று கேட்டது. கடைப்பிள்ளை, "நம்ம பவுண்டுலயே போட்டுடலாம்மா, உங்களுக்கு ஈஸி," என்று விரலை நீட்டினார். "எங்கட காசை எனக்குக் காட்டி என்னை மயக்கப் பாக்கிறீரோ?" என்று மச்சாள் மெசினைச் சால்வைக்குள் இழுத்துத் திர்ஹமை அமத்தினார். பவுண்ஸில் எடுத்திருந்தால் அவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றுவிலை போட்டிருப்பார்கள், அம்மா செய்தது சரி என்று இதையும் மகன்தான் பிறகு சொன்னான்.

காசுகளை உள்சட்டையில் ஊசி குத்தி வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். ஒரு நன்றி சொல்வார் என்று நான் நினைத்தேன். மச்சாள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றார். "அந்தப் பேர் இப்ப உமக்கும் தெரியும் என்ன. ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். என் அம்மாவின் பேரை! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பொன்னுருக்கு நல்லபடியாக நடந்தது. பத்தர் உருக்கி முடிக்கும்வரை மச்சாள் கண் வெட்டவில்லை. ஹோட்டல் பிடித்த காசும் சில நாளில் திரும்பி வந்தது. "முழுசாத் தந்திருக்கிறான். எங்கயோ பிழை," என்றார்.

அதற்குப் பிறகு கடைகளில் மெசினை என்னிடமிருந்தும் நன்றாகவே மூடினார். இலக்கத்தையும் மாற்றியிருப்பார், வங்கியில் கொடுத்த அந்தப் பேரையும் மாற்றியிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஒருவர் கொஞ்சம் கிட்ட நின்றதற்கே மாற்றுகிறவர், அந்தப் பேர் எனக்கே தெரிந்த பிறகு விட்டுவைப்பாரா? ஒரு மாரி காலம், எங்கள் குசினியில் இருந்தபடி அவர் வங்கிக்குப் போன் எடுத்தார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சால்வைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசினார். ஆனால் கழுவிக் கழுவி அந்தக் கம்பளி தேய்ந்துபோயிருந்தது. அதற்குள்ளிருந்து, எழுத்தெழுத்தாக, என் அம்மாவின் பேர் வந்தது. மாற்றவில்லை. நான் தேயிலை போடுகிற மாதிரி நின்றேன். கேட்டதாகக் காட்டவில்லை. கேட்டதாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பார்.

மச்சாள் இப்போது இல்லை. சால்வையை அவருடைய மகன் கொண்டுவந்து தந்தான். போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். இப்போது கார்ட்டை மெசினில் தொட்டால் போதும், இலக்கம் கேட்பதில்லை. மூடுவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் கை தானாகச் சால்வையை இழுக்கிறது. மரக்கறிக் கடை முதலாளி பார்க்கிறார், இப்போது கோழியைப் பற்றிக் கேட்பதில்லை. லண்டனில் என் அம்மாவின் பேரை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் மச்சாள்தான்.

இதை மச்சாளின் மகன் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். ஹோட்டல் விஷயம், மெசின் கேட்டது, யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதெல்லாம் நான் மாற்றி எழுதியிருக்கக்கூடும், பிழையானதைத் திருத்திவிடட்டும். அந்தப் பேரை மட்டும் நான் இதில் எங்கேயும் எழுதவில்லை. அது மறதியால் அல்ல.