பார்கவி போடும் மதிப்பெண்

விடைத்தாள் கைக்கு வந்ததும் பார்கவி மதிப்பெண்ணை ஒருமுறை பார்ப்பாள். பிறகு தாளைக் கொடுத்தவரை மேலும் கீழுமாக அளப்பாள். கணக்கில் இருபத்திரண்டு வந்தால் அது பாடம் நடத்திய ரங்கநாதன் சார் வாங்கிய இருபத்திரண்டு. கன்னடத்தில் எழுபது வந்தால் மட்டும் அது பார்கவியின் சொந்த உழைப்பு.

ஆஸ்டின் டவுனில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் கிருஷ்ணப்பாவின் மகள். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு, பி பிரிவு. அவள் வாயில் விழாத ஆசிரியர் இல்லை; சரித்திரம் நடத்தும் நானும் தப்பவில்லை. "நீங்க நல்லாத்தான் கதை சொல்றீங்க சார். கொஸ்டின் பேப்பர்ல கதை கேக்க மாட்டாங்களே!" என்றாள், முகத்துக்கு நேராக. கோபம் வந்தது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

அவளுக்கு ஒரே தெய்வம், ஏ பிரிவுக்குக் கணக்கு எடுக்கும் ஜூடித் மிஸ். "அவங்க கிளாஸ்ல சும்னே, சும்மா உக்காந்தாலே பாஸ் சார்! நம்ம ரங்கநாதன் சார் போர்டு கூடவே பேசிட்டிருக்காரு." நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாகப் பொறுக்கித்தான் ஏ பிரிவில் உட்கார வைக்கிறோம் என்பதை நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

பொதுத்தேர்வு பயம் பிடித்ததும் தலைமையாசிரியை பாமாவிடமே போய் நின்றாள். "என்னை ஏ செக்‌ஷனுக்கு மாத்துங்க மிஸ். இங்கேயே இருந்தா ஃபெயில்தான். ஃபெயிலானா எங்கப்பா பூத்துல உக்கார வச்சிடுவாரு. அப்புறம் காலேஜே கிடையாது."

"டீச்சர்ஸ் டே அன்னிக்கு ஒன்பதாவதுக்கு நீயே கணக்கு எடு. புரிஞ்சுதுன்னு பாதிப் பேர் கை தூக்கினா மாத்திடறேன்" என்றார் பாமா.

ஆசிரியர் தினத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் எடுப்பதும், நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும் வழக்கம். அம்மாவின் பட்டுப்புடவையில் வந்த பார்கவி, பித்தாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையைப் பார்த்தபடியே ஒப்பித்து முடித்தாள்.

"ஏன் மிஸ் அப்படி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஏன் கீன்னு கேக்காதே. எழுதிக்கோ, இம்பார்ட்டன்ட்!"

ரங்கநாதன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

"யார் யாருக்குப் புரிஞ்சுது?" என்று பாமா கேட்டார். ஒரு கையும் எழவில்லை.

பார்கவி அசரவில்லை. "இதுங்களுக்கு பேஸிக்கே வீக்கா இருக்கு மிஸ். போன வருஷம் கணக்கு எடுத்தது யாரு? அவங்களைக் கேளுங்க!"

"ஜூடித் மிஸ்!" என்றது வகுப்பு, ஒரே குரலில். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜூடித் தம் கைவிரல்களை ஆராயத் தொடங்கினார்.

பார்கவியின் கண்கள் தளும்பிவிட்டன. எனக்கே பாவமாக இருந்தது.

"சரி, இப்போ உன்னை எந்த செக்‌ஷன்ல போடறது?" என்றார் பாமா.

அவள் கையிலிருந்த சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாக உடைத்து, உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, சாக்பீஸும் ஃபெயில் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கி, இரண்டு துண்டுகளையும் குப்பைக்கூடையில் போட்டாள்.