பதினோரு மணித் தண்ணீர்

தை மாதக் குற்றாலத்தில் அருவி நூலாகத்தான் ஒழுகியது. அதிலும் முண்டியடித்துக் குளித்துவிட்டு, ஒன்பதே காலுக்குத் தென்காசியில் ராஜபாளையம் பஸ்ஸைப் பிடித்தேன். ராயகிரிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வயல்களைப் பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

முன் இருக்கையில் பேச்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். தென்காசி ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். பத்தரைக்குப் புளியங்குடியைத் தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரும் முணுமுணுத்தோம், அவர் மட்டும் அழுதுவிடுவார் போலிருந்தது.

“பதினோரு மணிக்கு எனக்கு முறைத்தண்ணி, அண்ணாச்சி. ரெண்டு மணி நேரந்தான். மடையில ஆளு நிக்கலன்னா பக்கத்து வயலுக்குப் போயிரும். பொறவு எட்டு நாளு கழிச்சுத்தான். கதிரு பால் பிடிக்குத நேரம், எல்லாம் பதராப் போயிருமே!”

“பக்கத்து வயல்காரருக்குப் போன் போடுங்களேன்.”

“சுடலையாண்டிக்கா? வரப்புச் சண்டையில மூணு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. அந்தத் தண்ணியே அவருக்குத்தான போவும்!”

வேறு பஸ் கிடைத்து ராயகிரியில் இறங்கும்போது பன்னிரண்டே கால். வயலுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். மனசு கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன்.

பேச்சியம்மாளின் வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் மண்வெட்டியோடு சுடலையாண்டி நின்றார். தன் வயல் மடையை மண் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்.

பேச்சியம்மாள் வரப்பில் நின்று வயலை ஒரு முறை கண்ணால் அளந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “வடக்கு மூலைக்கு ஏறலன்னு சொல்லுங்க, அண்ணாச்சி.”

ஆறடி தள்ளி நின்ற சுடலையாண்டியும் என்னிடமே சொன்னார்: “அங்கன மேடு. அரை மணி நேரமாவும்னு சொல்லுங்க. வீட்டுக்காரருக்கு எப்படி இருக்குன்னும் கேளுங்க.”

“தேறிட்டு வருதாவன்னு சொல்லுங்க.”

நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே இருவரும் பேசி முடித்தார்கள். சிரிப்பை அடக்க நான்தான் படாதபாடு பட்டேன். ஒரு மணிக்கு வடக்கு மூலையும் நனைந்தது. அதன் பிறகே சுடலையாண்டி தன் மடையைத் திறந்தார். இருவரையும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சென்னையில் எதிர் ஃப்ளாட்காரரும் நானும் தினமும் லிஃப்டில் குட்மார்னிங் சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. போன வருடம் நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது அவருக்கு இன்னமும் தெரியாது.