நவமணியின் குலவை

கோலா தெர்லா ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நவமணி நான்கு பிள்ளை பெற்றவள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் புறப்பட்டால் முதல் குலவை இவளுடையதுதான். நாக்கைச் சுழற்றினால் ரோட்டில் போகிற காய்கறி லோரியே பிரேக் போடும். போன வருசம் அப்படிக் குலவையிட்டபோதுதான் ஒன்னுக்கு சொட்டிப் புதுச்சேலை நனைந்துபோனது. குடத்துத் தண்ணீர் சிந்திவிட்டது என்று புளுகித் தப்பினாள்.

அப்புறம் தும்மினால் சொட்டு, சிரித்தால் சொட்டு, மூட்டையைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம். இந்த வருசம் குலவையை யாருக்காவது விட்டுக்கொடுப்பதா? நினைத்தாலே அழுகை முட்டியது. வெட்கத்தை மென்று விழுங்கிவிட்டு கிளினிக்குக்குப் போனாள்.

நர்ஸ் துளசி சிரிக்கவில்லை. "பிள்ள பெத்ததுல ஒன்னுக்குப் பையத் தாங்குற சதை தளர்ந்திருக்குக்கா. ஒன்னுக்க அடக்குற மாதிரி இறுக்கி, பத்து எண்ணி விடுங்க. மூச்ச அடக்காதீங்க. ஒரு தடவைக்குப் பத்து இறுக்கு, நாளைக்கு மூனு தடவை. மூனு மாசமாவது விடாம செய்யணும் லா. தும்மல் வந்தா, மூட்டை தூக்குனா, அதுக்கு முன்ன ஒரு இறுக்கு."

செடிகளுக்கு நடுவே நின்று, கண்ணை மூடி, உதடு அசைய எண்ணினாள் நவமணி. பக்கத்து நிரையில் பறிக்கும் நீலாவதி விடுவாளா?

"என்னடி மந்திரம்?"

"அம்மனுக்கு வேண்டுதல்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

வந்தது வினை. மறுவாரமே மலைச்சரிவு முழுக்கப் பெண்கள் கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினார்கள். சாமி காரியமாயிற்றே என்று கங்காணி வீரப்பனும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

மூன்று மாதம் போய்த் திருவிழா வந்தது. கரகம் எழும்பியது. நவமணி ஒரு இறுக்கு இறுக்கிவிட்டுக் குலவையிட்டாள். ஒரு சொட்டு இல்லை. சந்தோசத்தில் இன்னொன்றும் போட்டாள்.

நீலாவதிக்கு முகம் சுருங்கியிருந்தது. "நானுந்தான் மூனு மாசமா எண்ணுறேன். அம்மன் எனக்கு மட்டும் குடுக்கல."

"நீ என்னடி கேட்ட?"

நீலாவதி காதருகே வந்தாள். "தும்முனா சொட்டுது. அது நிக்கணும்னு."

தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் வெட்கத்தில் செத்தோமே என்று நவமணிக்குக் கோபமே வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. "எண்ணுனா மட்டும் பத்தாதுடி, இறுக்கணும்," என்று விளக்கினாள்.

அன்று சாயந்திரம் கோயிலுக்குப் பின்னால், நீலாவதியோடு சேர்த்து ஒன்பது பெண்கள் இறுக்கப் பழக வந்து நின்றார்கள்.